ரத்தப் பரிசோதனையை ஏன் இரண்டாம் நாளே எடுக்கச் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. பீரியட்ஸ் ஒரு மாதம் 30 நாளில் வருகிறது, இன்னொரு மாதம் 40 நாள் ஆகிவிடுகிறது. டாக்டர் "ஹார்மோன் சரியில்லாமல் இருக்கலாம்" என்று சொல்லி எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ரடையால், ஏஎம்எச், ப்ரோலாக்டின், டிஎஸ்எச் என்று வரிசையாக எழுதிக் கொடுத்து, பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ப்ரொஜெஸ்டிரோனை மட்டும் 21ஆம் நாள் எடுக்க வேண்டுமாம். ஹார்மோன் உண்மையில் என்ன செய்கிறது, நாள் பார்த்து ரத்தம் எடுப்பது எதற்கு, ஏதாவது கூடவோ குறைவாகவோ இருந்தால் மாத்திரை போட்டுச் சரிசெய்துவிடலாமா?

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன். இதே கேள்வியை மாணவர்களும் கேட்பார்கள், சொந்தக்காரர்களும் கேட்பார்கள். கடைசிக் கேள்வியில்தான் குழப்பம் அதிகம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். இரும்புச்சத்து குறைந்தால் இரும்பு மாத்திரை, வைட்டமின் டி குறைந்தால் வைட்டமின் டி. அந்தக் கணக்கு இனப்பெருக்க ஹார்மோன்களுக்கு ஒத்துவராது. இங்கே ஒரே பொருள், எந்த நாளில் வந்தது, விட்டுவிட்டு வந்ததா தொடர்ந்து வந்ததா என்பதைப் பொறுத்து நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்யும். டாக்டர் நாள் குறித்துக் கொடுப்பதற்கும் இதுதான் காரணம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுரப்பி ரத்தத்தில் விடும் ரசாயனச் செய்திதான் ஹார்மோன். ரத்தம் அதை உடம்பு முழுக்கக் கொண்டுபோகும். ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி வைத்திருக்கும் செல்கள் மட்டுமே அதற்குப் பதில் தரும். அளவோ மிக மிகச் சிறிது. சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடையாலைப் பிக்கோகிராம் கணக்கில் எழுதுவார்கள்; ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு பிக்கோகிராம். இவ்வளவு சிறிய அளவை ரத்தத்தில் அளக்கும் வழியை 1950களில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டுபிடித்த பிறகுதான் இந்தத் துறைக்கே கண் திறந்தது. அதற்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனப்பெருக்க ஹார்மோன்களில் இரண்டு வகை உண்டு. முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்எச், அதை வெடிக்க வைக்கும் எல்எச், பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின், கர்ப்பத்தில் வரும் எச்சிஜி எல்லாம் புரத வகை. இவை செல்லுக்குள் நுழைய முடியாது. வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியைத் தொட்டுவிட்டு நின்றுவிடும், மீதி வேலை உள்ளே நடக்கும். வாய்வழியாகக் கொடுத்தால் வயிற்றில் செரித்துவிடும் என்பதால் இவை ஊசியாக மட்டுமே வருகின்றன. எஸ்ட்ரடையால், ப்ரொஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை கொலஸ்ட்ராலிலிருந்து தயாராகும் ஸ்டீராய்டுகள். இவை செல்லுக்குள் புகுந்து, மரபணுக்களில் எது ஓட வேண்டும் எது நிற்க வேண்டும் என்பதையே மாற்றும். அதனால் இவற்றின் வேலை மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும்.

ஏற்பி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்காமை. எக்ஸ்ஒய் குரோமோசோம் கொண்ட குழந்தை. விரைகள் உண்டு, அவை டெஸ்டோஸ்டிரோனைச் சரியாகவே சுரக்கின்றன. ஆனால் அதன் ஏற்பியை உண்டாக்கும் மரபணு பழுதாக இருந்தால் வெளித்தோற்றத்தில் அந்தக் குழந்தை பெண்ணாகவே வளரும். வயதுக்கு வரவில்லையே என்று பதினைந்து பதினாறு வயதில் கூட்டி வரும்போதுதான் பல பேருக்கு இது தெரியவரும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனை அளந்தால் ஆண்களுக்குரிய அளவு தாராளமாக இருக்கும். அதைக் கேட்கும் செல்தான் இல்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். எல்லாம் தொடங்கும் இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். அங்கே சில ஆயிரம் நரம்பு செல்கள் மட்டும் ஜிஎன்ஆர்எச் என்ற பொருளைச் சுரக்கின்றன. வெறும் பத்து அமினோ அமிலம் கோத்த சங்கிலி அது. அதன் அமைப்பைக் கண்டறிய ஆண்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளையையும் ரோஜர் கில்மன் செம்மறியாடுகளின் மூளையையும் இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி அரைத்தார்கள். 1971இல் விடை கிடைத்தது. யாலோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் இவர்கள்தான். இந்தச் செல்களின் பிறப்பிடமும் வியப்பானது. கருவில் இவை மூக்கு உருவாகும் பகுதியில் தோன்றி, அங்கிருந்து மூளைக்குள் நகர்ந்து போகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் பிள்ளைக்கு வாசனையும் தெரியாது, பருவமும் வராது. கால்மன் நோய் என்பது அதுதான். பருவம் தள்ளிப்போகும் பிள்ளையிடம் "மல்லிகைப்பூ வாசனை தெரிகிறதா?" என்று டாக்டர் கேட்பது அதற்காகத்தான்.

இந்த ஜிஎன்ஆர்எச் தொடர்ந்து வழியாது. துடிப்புத் துடிப்பாக வரும். மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒருமுறை. இரண்டாம் பாதியில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை. இந்தத் துடிப்பு எதற்கு என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் விடை சொன்னார்கள். ரீசஸ் குரங்குகளின் ஹைப்போதலாமஸில் ஜிஎன்ஆர்எச் வரும் பகுதியை அழித்துவிட்டார்கள். ஹைப்போதலாமஸுக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் படுத்துவிட்டன. பிறகு வெளியிலிருந்து ஜிஎன்ஆர்எச்சை ரத்தக்குழாய் வழியாக இடைவிடாமல் செலுத்திப் பார்த்தார்கள், இரண்டும் எழவில்லை. மணிக்கு ஒருமுறை சில நிமிடம் மட்டும் செலுத்தியபோது இரண்டும் பழைய நிலைக்கு வந்தன. மறுபடி தொடர்ச்சியாகக் கொடுத்தார்கள், மறுபடி விழுந்தன. இந்தத் துறையில் இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. சிகிச்சையின் பாதையையே இது திருப்பியது. டெஸ்ட் டியூப் சிகிச்சையில் முட்டை நேரத்துக்கு முன்பே வெடித்துவிடாமல் தடுக்கவும், கருப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயின் வலியை அடக்கவும், புராஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கவும் போடும் லூப்ரோலைடு ஊசி ஜிஎன்ஆர்எச்சின் சாயல்தான். உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் முதல் சில நாள் தூண்டிவிட்டு, அப்புறம் பிட்யூட்டரியை மௌனமாக்கிவிடுகிறது.

அந்தச் செல்களையும் ஒன்று தட்டியெழுப்ப வேண்டுமே? அது கிஸ்பெப்டின். அமெரிக்காவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி ஊரில் 1996இல் புற்றுநோய் ஆராய்ச்சியில் கிடைத்த மரபணு. அந்த ஊரின் 'கிஸ்' சாக்லேட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதன் ஏற்பி பழுதானவர்களுக்குப் பருவமே வருவதில்லை என்று 2003இல் பாரிஸிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. உடம்பில் கொழுப்பு போதுமா, சாப்பாடு போதுமா, தாய் பாலூட்டிக்கொண்டிருக்கிறாளா என்ற தகவல்களெல்லாம் பெரும்பாலும் இந்தக் கிஸ்பெப்டின் வழியாகவே துடிப்புக்குப் போய்ச் சேருகின்றன. ஒரேயடியாக எடையைக் குறைத்த பெண்ணுக்குப் பீரியட்ஸ் நின்றுபோவதற்கு இதுவே வழி. சினைப்பையில் ஒரு கோளாறும் இருக்காது.

இப்போது உங்கள் இரண்டாம் நாள். பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சையும் எல்எச்சையும் அனுப்புகிறது. சினைப்பை பதிலுக்கு எஸ்ட்ரடையாலையும் இன்ஹிபினையும் அனுப்புகிறது. "வந்து சேர்ந்தது, போதும்" என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். அதைக் கேட்டதும் பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சைக் குறைத்துக்கொள்ளும். பீரியட்ஸ் தொடங்கும் சமயத்தில் சினைப்பையின் பேச்சு மிகவும் அடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அளந்தால், சினைப்பையை எழுப்பப் பிட்யூட்டரி எவ்வளவு சிரமப்படுகிறது என்பது தெரிந்துவிடும். முட்டைகள் குறைந்துபோன சினைப்பையிலிருந்து இன்ஹிபின் குறைவாகவே வரும். காது மந்தமானவரிடம் குரலை உயர்த்திப் பேசுவதுபோல எஃப்எஸ்எச் ஏறும். ஆகவே எஃப்எஸ்எச் 15 என்று ரிப்போர்ட்டில் வந்தால் "ஹார்மோன் நிறைய இருக்கிறது, நல்லதுதானே" என்று நினைக்கக் கூடாது. அதே 15 சுழற்சியின் நடுவில் முட்டை வெடிக்கும் சமயத்தில் வந்தால் முழுக்க இயல்பு. நாள் எழுதாத எஃப்எஸ்எச் ரிப்போர்ட்டை நான் படிப்பதே இல்லை.

கூடவே எஸ்ட்ரடையால் எழுதியிருப்பதும் காரணமில்லாமல் இல்லை. இரண்டாம் நாளே எஸ்ட்ரடையால் உயர்ந்திருந்தால் அது எஃப்எஸ்எச்சை அமுக்கிக் காட்டும். "எஃப்எஸ்எச் 6, அருமை" என்று ஏமாந்துவிடுவோம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சினைப்பை ஓய்ந்த பிறகு பிட்யூட்டரி எவ்வளவு குரல் எழுப்பும் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் ரத்தத்தில் எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் பல மடங்கு ஏறி, சிறுநீரிலும் வெளியேறும். 1940களின் கடைசியில் இத்தாலியில் பியரோ டொனினி என்ற வேதியியலாளர் அந்தச் சிறுநீரிலிருந்து இவற்றைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டார். ஆனால் மருந்தாகத் தயாரிக்க அது ஏராளமாக வேண்டும்; கர்ப்பிணி ஒருவருடையது கலந்தாலும் எச்சிஜி சேர்ந்து கெட்டுப்போகும். வயதான கன்னியாஸ்திரிகள் தங்கியிருந்த கத்தோலிக்க இல்லங்களிலிருந்து சேகரிக்க ஏற்பாடு நடந்தது. அந்த மருந்தால் கருத்தரித்த முதல் குழந்தை, புரூனோ லுனன்ஃபெல்டின் சிகிச்சையில், 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. இன்றைக்கும் நம் ஊர் மையங்களில் "எச்எம்ஜி ஊசி" என்று சொல்லிப் போடுவது அதன் வாரிசுதான். குழந்தை பெறாத அந்த மூதாட்டிகளின் உடம்பு சுரந்தது எத்தனையோ வீடுகளில் தொட்டில் கட்ட வைத்தது என்பதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன்; சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

இரண்டாம் நாளிலிருந்து மேலே போவோம். எஃப்எஸ்எச் எழும்பும்போது முட்டையைச் சுமக்கும் சிறு பைகளான ஃபாலிகிள்கள் ஒரு கூட்டமாக வளரத் தொடங்கும். அவை சுரக்கும் எஸ்ட்ரடையால் ஏற ஏற எஃப்எஸ்எச் இறங்கும். இறங்கிய எஃப்எஸ்எச்சிலும் வாழத் தெரிந்த ஒன்று மட்டும், பெரும்பாலும் ஏற்பிகள் அதிகமாக வைத்திருப்பது, தொடர்ந்து வளரும், மற்றவை வாடிவிடும். மாதம் ஒரு முட்டை என்ற ஏற்பாடு இப்படித்தான் அமைகிறது. எச்எம்ஜி ஊசி போட்டு எஃப்எஸ்எச் இறங்காமல் பார்த்துக்கொண்டால் பல முட்டைகள் பிழைக்கும். டெஸ்ட் டியூப் சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு முட்டை எடுப்பதும், ஊசி போட்டவர்களுக்கு இரட்டைப் பிள்ளை பிறப்பதும் இதனால்தான்.

இதுவரை எஸ்ட்ரடையால் மூளையை அமுக்கிக்கொண்டே இருந்தது. பெரிய ஃபாலிகிள் முதிர்ந்து, எஸ்ட்ரடையால் 200 பிக்கோகிராமைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே நின்றால், அதே எஸ்ட்ரடையால் இப்போது மூளையைத் தூண்டிவிடும். எல்எச் பொங்கி எழும். அந்த எழுச்சி தொடங்கியதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். அந்த அளவு ஒரு நாள் மட்டும் நின்று இறங்கினால் எழுச்சி வராது. தடுத்துக்கொண்டிருந்த பொருளே, போதிய நேரம் உயர்ந்து நின்றால், திறந்துவிடுகிறது. முதலில் நான் சொன்ன "நேர் எதிரான இரண்டு வேலை" என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

"முட்டை வெடிக்க ஊசி" என்று ஒன்று போடுவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் எச்சிஜி. எல்எச், எஃப்எஸ்எச், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச், எச்சிஜி நான்கும் ஒரே குடும்பம். ஆல்ஃபா துண்டு நான்குக்கும் ஒன்றேதான், பீட்டா துண்டு மட்டும் வேறு. எச்சிஜி எல்எச்சின் ஏற்பியிலேயே உட்கார்ந்து அதன் வேலையைச் செய்துவிடும். அந்த ஊசி போட்ட ஒரு வாரத்தில் வீட்டில் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் பார்த்தால் இரண்டு கோடு வரலாம். அது ஊசியின் எச்சிஜி. அதை நம்பி ஊருக்கெல்லாம் சொல்லி, பிறகு உடைந்துபோனவர்கள் உண்டு. டாக்டர் சொன்ன நாள் வரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.

முட்டை போன பிறகு காலியான ஃபாலிகிள், கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி ப்ரொஜெஸ்டிரோனைச் சுரக்கும். எஸ்ட்ரடையால் வளர்த்து வைத்த கருப்பை உட்சவ்வை, கரு வந்து பதியத் தகுந்ததாக மாற்றுவது ப்ரொஜெஸ்டிரோன். எஸ்ட்ரடையால் முன்னால் வந்து ஏற்பிகளை உண்டாக்கி வைத்தால்தான் ப்ரொஜெஸ்டிரோனுக்கு அங்கே வேலையே இருக்கும். வரிசை மாறினால் பலன் இல்லை. கார்ப்பஸ் லூட்டியத்தின் ஆயுள் சுமார் 14 நாள். அது சாகும்போது ப்ரொஜெஸ்டிரோன் விழும், உட்சவ்வு உதிரும், பீரியட்ஸ் வரும், எஃப்எஸ்எச் மறுபடி எழும்பும்.

21ஆம் நாள் என்பது இங்கிருந்து வந்தது. உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியமும்கூட. ப்ரொஜெஸ்டிரோனை அளக்க வேண்டியது முட்டை வெடித்து ஒரு வாரம் கழித்து. 28 நாள் சுழற்சியில் அது 21ஆம் நாள். 40 நாள் சுழற்சியில் முட்டை வெடிப்பதே ஏறக்குறைய 26ஆம் நாள். 21ஆம் நாள் எடுத்தால் ப்ரொஜெஸ்டிரோன் தரையில் கிடக்கும், "முட்டை வெடிக்கவே இல்லை" என்று தவறாக முடிவாகிவிடும். உங்களுக்கு நாள் நிலையில்லாததால், ஃபாலிகுலர் ஸ்கேனில் வெடித்தது தெரிந்த பிறகு ஏழு நாள் தள்ளி எடுக்கலாமா, அல்லது வாராவாரம் எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வெடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கரு பதிந்துவிட்டால் கதை மாறும். முட்டை வெடித்து எட்டுப் பத்து நாளில் கருவின் வெளிச்செல்கள் எச்சிஜியை ரத்தத்தில் விடத் தொடங்கும். சாகப்போகிற கார்ப்பஸ் லூட்டியத்துக்கு அது "இரு, போகாதே" என்கிற செய்தி. அம்மாவின் உடம்புக்குக் குழந்தை அனுப்பும் முதல் சொல் இது. ஆர்ப்பாட் சாப்போ 1970களில் செய்த ஆய்வுகளில், ஏழாவது வாரத்துக்கு முன் கார்ப்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கர்ப்பம் கலைந்தது; நஞ்சுக்கொடி தானே ப்ரொஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிய பிறகு அகற்றினால் கர்ப்பம் நின்றது. ஆரம்ப வாரங்களில் எச்சிஜி ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால்தான் பீட்டா எச்சிஜியை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுக்கச் சொல்கிறார்கள். அங்கேயும் ஒற்றை எண் பெரிதாக எதையும் சொல்லாது. ஏறும் வேகம்தான் பேசும்.

தவறான நேரத்தில் கொடுத்த ஹார்மோன் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை, கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, 1940களிலிருந்து அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அது பலன் தரவில்லை என்று 1953இலேயே சிகாகோவில் நடந்த ஆய்வு காட்டியது. இருந்தும் நிறுத்தவில்லை. அந்தத் தாய்மார்களுக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு இளம்வயதிலேயே யோனியில் அரிதான புற்றுநோய் வருவதை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்த பிறகுதான் அதை நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரையை விழுங்கிய தாயைவிட, அந்த வாரங்களில் உருவாகிக்கொண்டிருந்த மகளின் உறுப்புகளே அதிகம் பாதிக்கப்பட்டன. "ஹார்மோன்தானே, போட்டு வைப்போம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அதற்காக ஹார்மோன் சிகிச்சை என்றாலே பயப்படவும் வேண்டாம். உங்களைப் போல நாள் தள்ளிப்போகிறவர்களில் பலருக்கு நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ், இருக்கும். ஸ்கேனில் தெரியும் அந்தச் சிறு வட்டங்கள் பாதி வளர்ச்சியில் நின்றுபோன ஃபாலிகிள்கள். அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. அங்கே ஜிஎன்ஆர்எச் துடிப்பு வேகமாகிவிடுகிறது; வேகத் துடிப்புக்குப் பிட்யூட்டரி எல்எச்சை அதிகமாகவும் எஃப்எஸ்எச்சைக் குறைவாகவும் தரும். உயர்ந்த இன்சுலின் சினைப்பையை இன்னும் ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டும். ஃபாலிகிள் முதிராது. இதற்குக் கொடுக்கும் லெட்ரோசோல் மாத்திரை செய்வது ஒரு சின்ன உபாயம்: எஸ்ட்ரடையால் தயாராவதைச் சில நாள் மட்டும் தடுக்கிறது. "போதும்" என்ற பதில் வராததால் பிட்யூட்டரி எஃப்எஸ்எச்சைக் கூட்டி அனுப்புகிறது, முட்டை வளர்கிறது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் மட்டும். அதையே நடுச்சுழற்சியில் கொடுத்தால் எல்எச் எழுச்சிக்கு வேண்டிய எஸ்ட்ரடையாலையே பிடித்து வைத்துவிடும். பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. இந்தியாவில் 2011இல் கருத்தரிப்புக்கு இதைக் கொடுக்கத் தடை விதித்து, 2017இல் தடையை நீக்கினார்கள். பழைய செய்தியைப் படித்துவிட்டு யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

பிசிஓஎஸ் இருந்தால் வீட்டில் எல்எச் அட்டை வைத்துப் பார்ப்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். எல்எச் எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால் பொய்யாகக் கோடு காட்டலாம்.

ப்ரோலாக்டினைப் பற்றி. பால் சுரக்க வைப்பது இது. மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்களை மூளை தூண்டித்தான் எழுப்பும். இதை மட்டும் டோபமைன் என்ற பொருளால் எந்நேரமும் அமுக்கி வைத்திருக்கிறது. அமுக்கும் கை எடுபட்டால் ப்ரோலாக்டின் ஏறும், ஜிஎன்ஆர்எச் துடிப்பு மங்கும், நாள் தள்ளிப்போகும். முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் தாய்க்கு ஆறு மாதம் வரை, பீரியட்ஸ் திரும்பாத நிலையில், கருத்தரிக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதும், பிள்ளை உறிஞ்சும்போது அந்தத் துடிப்பு அடங்குவதால்தான். ஆனால் நம் ஊரில் ப்ரோலாக்டின் ஏற ஒரு சாதாரணக் காரணம் உண்டு. அதை யாரும் விசாரிப்பதில்லை. கேஸ் டிரபிளுக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் கேப்ஸ்யூல்களில் பலவற்றில் பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கும். டோம்பெரிடோன் டோபமைனைத் தடுப்பது. ப்ரோலாக்டினை நன்றாகவே ஏற்றிவிடும். சில மனநல மருந்துகளும் அப்படித்தான், ஆனால் அவற்றை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் ப்ரோலாக்டின் கூடும். டிஎஸ்எச் சேர்த்து எழுதியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஊசிக்குப் பயந்து பதறினால்கூட அது கொஞ்சம் ஏறும். ஆகவே எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, லேபில் சற்று உட்கார்ந்து ஆறிவிட்டு ரத்தம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? பல லேப் கருவிகள் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் டிஎஸ்எச், எஃப்எஸ்எச், ப்ரோலாக்டின் குறைவாகவும், எஸ்ட்ரடையால், ப்ரொஜெஸ்டிரோன் கூடுதலாகவும் தப்பாகத் தெரியும். எடுத்துக்கொண்டிருந்தால் லேபில் சொல்லுங்கள். பொதுவாக இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

ஏஎம்எச்சை எந்த நாளிலும் எடுக்கலாம். சிறு ஃபாலிகிள்கள் சுரப்பது அது. சுழற்சியோடு பெரிதாக ஏறி இறங்காது. அது குறைவாக வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வரும் பெண்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். மீதி எத்தனை முட்டை என்பதற்கும், ஊசி போட்டால் எத்தனை கிடைக்கும் என்பதற்கும் அது ஒரு குறிப்பு. இயற்கையாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை போதும். குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எழுதியிருக்கும் டெஸ்ட் எல்லாம் உங்களுக்கு மட்டும்தான், உங்கள் கணவருக்கு? ஆண்களுக்கும் இதே எல்எச், எஃப்எஸ்எச்தான். எல்எச் விரையின் லேடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும், எஃப்எஸ்எச் செர்டோலி செல்களை விந்தணுக்களைப் பேண வைக்கும். விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு. அந்தச் செறிவு இல்லாமல் விந்தணு உருவாகாது. வெளியிலிருந்து ஊசியாக ஏற்றினால் மூளை "போதும்" என்று எல்எச்சை நிறுத்திவிடும். ரத்தத்தில் கூடும், விரைக்குள் வற்றிப்போகும். உலக சுகாதார நிறுவனம் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அதன் முடிவில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போயிருந்தது. ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போடும் இளைஞர்களுக்கு இது தெரிவதே இல்லை. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்காகும். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் வேண்டும். மூன்று மாதம் முன்பு வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையில் தெரியலாம்.

விந்துப் பரிசோதனைக்கு இரண்டிலிருந்து ஏழு நாள் வரை இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும், செலவும் அதிகமில்லை. உங்கள் பட்டியலில் உள்ளவற்றை எடுக்கும் அதே வாரத்தில் அதையும் எடுத்துவிட்டு, இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள். உங்கள் ரிப்போர்ட்டின் மேல் மூலையில், கடைசியாகப் பீரியட்ஸ் தொடங்கிய தேதியையும் ரத்தம் கொடுத்த தேதியையும் பேனாவால் எழுதி வையுங்கள்.